மூளைக் கட்டியும் மூளைக் கட்டி போன்றதும்

(திருநெல்வேலியில் நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் ஆண்டுதோறும் இலக்கியம் பற்றியேனும் ஒழுக்கம் பற்றியேனும் சில சொல்வது எமக்கு வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகி, நோய் ஒன்றைக் குறித்துப் பேசத் துணிந்தோம். யாம் வைத்தியரல்லேம்; பள்ளியில் இலக்கணம் கற்பிக்குந் தொழிலுடையேம். ஆயினும் எடுத்துக்கொண்ட பொருள் எம் தொழிலுக்கு முற்றும் புறம்பானதன்று. ஒரே வடிவுடைய குறி பல பொருளைத் தருமிடத்து, இன்ன பொருளே ஈண்டுக் கொள்ளத்தக்கது என்று தெளிவது எவ்வாறு என்பது இலக்கண நூலார் ஆராய்ந்த வினா. மூளையை எம்.ஆர்.ஐ. கருவியாற் படம் எடுத்தவிடத்துக் காணப்படும் ஒரு வளையம் கட்டியா, அன்றி நரம்பின் உறையழியும் நோயா என்று தெளிவதும் அவ்வகை வினாவே.

இதனை வைத்தியர் கழகத்திற் பேசாது நம் சங்கத்திற் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். இக்காலத்தில் நீங்காத தலைநோவென்றும், கைகால் மரத்தலென்றும், வலிப்பென்றும் வைத்தியரிடம் சென்றால், அவர் பெரும்பாலும் எழுதித் தருவது மூளைப் படமே. பாபநாசம் முதற் புன்னைக்காயல் வரையில் ஆற்றங்கரை ஊர்களில் வாழும் நம்மவர் திருநெல்வேலிக்கோ பாளையங்கோட்டைக்கோ வந்து படம் எடுத்துக்கொள்கின்றனர். படமும், அதனோடு சேர்ந்த ஆங்கிலக் குறிப்பும் வைத்தியர் கைக்குச் செல்லுமுன் வீட்டார் கைக்கு வந்துவிடுகின்றன. வைத்தியர் படிக்குமுன் அண்டை வீட்டார் படித்துவிடுகின்றனர். அதிற் கட்டி என்னும் பொருளுடைய சொல் ஒன்று இருந்துவிட்டால் அன்று அவ்வீட்டில் அடுப்பு எரிவதில்லை. 'கட்டியாயிருக்கலாம்' என்று எழுதியதைக் 'கட்டி' என்றே படித்துவிடுகின்றனர். ஐயச் சொல்லைத் துணிவுச் சொல்லாகக் கொள்வது இலக்கணத்தில் ஒரு குற்றம். வாழ்க்கையிலோ அஃது ஒரு குடும்பத்தையே கலக்கிவிடுகின்றது. ஆதலின் இப்பொருள் நமக்கு வேண்டுவதாயிற்று.

முதற்கண் நரம்பின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். மூளையிலுள்ள நரம்பணுக்கள் செய்தி விடுத்தற்கு நூல்போன்ற நீண்ட இழைகளை உடையன. அவ்விழைகளுட் பலவற்றின்மேல் கொழுப்பும் புரதமுங் கலந்த உறையொன்று சுற்றப்பட்டிருக்கின்றது. நம் வீட்டு மின்கம்பியின்மேல் ரப்பர் உறை போர்த்திருப்பதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். ஜெர்மானிய அறிஞர் விர்கோ என்பார் 1854-ஆம் ஆண்டில் இதற்கு மயலின் என்று பெயரிட்டார். உறையுள்ள இழையிற் செய்தி விரைந்தோடும். உறை அழிந்த இழையில் அது தளர்ந்து செல்லும், சிலபோது நின்றேவிடும். உறைபெற்ற இழைகள் செறிந்த பகுதி வெண்மையாகத் தோன்றுதலின் வெண்பொருள் எனவும், அணுக்களின் உடல்கள் செறிந்த பகுதி சாம்பற்பொருள் எனவும் வழங்கப்படும்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறித் தன் சொந்த உறையைத் தாக்குமாயின் அதுவே மயலின் அழிவு நோய். இவ்வகையிற் பலரும் அறிந்தது மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்பது. பாரிஸ் நகரத்து ஷார்க்கோ என்னும் வைத்தியப் பேராசிரியர் 1868-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக வகுத்து விளக்கினார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் இது தோன்றும். ஆண்களைக் காட்டினும் பெண்களுக்கே மிகுதி. ஒரு கண் சில நாளில் மங்கும். சில வாரங்களில் தானே தெளியும். பின்னொருகாற் கால் மரக்கும், அதுவுந் தணியும். இங்ஙனம் வந்து வந்து போதல் இதன் இயல்பு. தணிந்துவிட்டது என்று நம்மவர் அதனை மறந்துவிடுகின்றனர்.

இந்நோயின் புண்கள் பெரும்பாலும் சிறியன. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உள. அவற்றைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக இவை காணப்படும். இவற்றைக் கட்டியென்று எவரும் எளிதில் மயங்கார். ஆயின் இந்நோயுடையார் ஆயிரவருள் ஒருவர் இருவர்க்கு 2 செ.மீ. அளவிற்கு மேற்பட்ட பெரும்புண் ஒன்று தோன்றுவதுண்டு என்பர். அது சுற்றிலும் வீங்கி, விளிம்பில் ஒளிர்ந்து, கட்டியின் வேடம் பூண்டு நிற்கும். நோயின் முதல் வெளிப்பாடே இவ்வடிவில் அமைவதும் உண்டு. ஈண்டுத்தான் மயக்கம் பிறக்கின்றது.

மற்றொரு புறத்தே கிளையோமா முதலிய மூளைக் கட்டிகள் உள. நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணையணுக்கள் வரம்பின்றிப் பெருகுதலால் வருவது கிளையோமா. அவற்றுட் கொடியவை சில மாதங்களிலேயே உயிருக்கு இறுதி பயக்கும். கட்டிக்கு அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் அணுக்கொல்லி மருந்தும் வேண்டும். உறையழிவுக்கோ ஸ்டீராய்டு மருந்தும், அதற்கு அடங்காவிடின் இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுதலும், பின்னர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் வேண்டும். உறையழிவைக் கட்டியென்று கருதிக் கதிர்ச் சிகிச்சை செய்தால் நலம் விளையாது, தீங்கே விளையும். கட்டியை உறையழிவென்று கருதிக் காத்திருந்தால் காலம் கைநழுவும். இருபுறமும் பள்ளமுள்ள வரப்பின்மேல் நடப்பது போன்றது வைத்தியர் நிலை.

இனி, படம் காட்டுவது யாது என்று காண்போம். நம் உடலில் நீரே மிகுதி. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவின் உட்கரு, மிகச் சிறிய காந்தம்போல் நடந்துகொள்ளும். வலிய காந்தத்தினுள் நோயாளியைக் கிடத்தி, வானொலி அலையைச் செலுத்தி நிறுத்தினால், அவ்வுட்கருக்கள் தம் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய அலையொன்றை விடுக்கும். அதனைக் கணித்துப் படமாக்குவதே எம்.ஆர்.ஐ. இவ்வழியிற் படம் ஆக்கலாம் என்று 1973-ஆம் ஆண்டிற் காட்டியவர் அமெரிக்க அறிஞர் லாட்டர்பர். அவர்க்கும் ஆங்கில அறிஞர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. 1981-ஆம் ஆண்டில் லண்டனில் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் உடையாரை இக்கருவியாற் படமெடுத்தபோது, சி.டி. ஸ்கேனிற் புலப்படாத புண்கள் பல புலப்பட்டன. இதனால் வைத்திய உலகம் பெற்ற பயன் பெரிது.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இக்காந்தம் காட்டுவது நீரின் நிலையையேயன்றி நோயின் பெயரையன்று. உறை அழிந்த இடத்திலும் நீர் மிகும், கட்டியிலும் மிகும், சீழ்பிடித்த இடத்திலும் மிகும். ஆதலின் ஒருவகைப் படத்தில் இவையெல்லாம் வெள்ளையாகவே தோன்றும். காடோலினியம் என்னும் தனிமஞ் சேர்ந்த மருந்தை இரத்தக் குழாயிற் செலுத்திப் படமெடுப்பது மற்றொரு முறை. மூளைக்கும் இரத்தத்திற்கும் இடையே இயற்கை அமைத்த அரண் ஒன்று உண்டு. அவ்வரண் இடிந்த இடத்தில் இம்மருந்து கசிந்து ஒளிரும். நோயின் விளிம்பில் அரண் இடிந்திருப்பின் ஒளி வளையமாகத் தோன்றும். கட்டியிலும் வளையம், உறையழிவிலும் வளையம், காசநோய்த் திரளையிலும் வளையம், நாடாப்புழுவின் இளமுளை தங்கிய இடத்திலும் வளையம், சீழ்க்கட்டியிலும் வளையம். வடிவம் ஒன்று, பொருள் ஐந்து.

இலக்கணத்தில் இத்தகைய சொல்லைப் பலபொருள் ஒருசொல் என்பர். 'மா' என்னும் சொல் மரத்தையுங் குறிக்கும், குதிரையையுங் குறிக்கும். தனியே நின்றால் இன்னதென்று துணிதல் இயலாது. அதனைத் துணிதற்குத் தொல்காப்பியர் மூன்று வழி காட்டினார்; வினை, இனம், சார்பு என்பன அவை. 'மா பூத்தது' என்றால், பூத்தல் என்னும் வினையால் மரம் என்று அறிகின்றோம். 'மாவும் பலாவும் செழித்தன' என்றால், உடன்வந்த இனத்தால் அறிகின்றோம். போர்க்கோலம் பூண்ட வீரன் 'மா கொண்டு வருக' என்று ஏவினால், அவன் நின்ற நிலையாகிய சார்பினால் குதிரை என்று அறிகின்றோம். மூளைப் படத்தின் வளையத்தையும் வைத்தியர் இம்மூன்று வழியானுமே ஆராய்கின்றனர் என்பது எமக்கு வியப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

முதலாவது வினை, அஃதாவது, அப்புண் யாது செய்கின்றது என்பது. தாமிரபரணியின் நடுவே புதிதாக மணல்மேடு எழுந்தால் நீரோட்டம் விலகி ஓடும். கரை நீரில் ஊறி இளகினால் ஓட்டம் பெரும்பாலும் தன் வழியே செல்லும். கட்டி என்பது புதுப்பொருள் வந்து குவிதல். ஆதலின் அது சுற்றியுள்ள மூளையைத் தள்ளும், நடுக்கோட்டை நகர்த்தும், நீரறைகளை நசுக்கும். உறையழிவோ இருந்த பொருள் கெடுதல். ஆதலின் தன் பருமைக்குத் தக்கவாறு தள்ளுவதில்லை. புண் பெரிது, தள்ளுதல் சிறிது என்று கண்டால் வைத்தியர்க்கு ஐயம் பிறக்கும். இரத்த ஓட்டமும் வினையின்பாற்படும். கொடிய கிளையோமா தன் வளர்ச்சிக்காகப் புதுக்குழாய்களை வருவித்துக்கொள்ளும். ஆதலின் இரத்த அளவைப் படத்தில் அது மிகுந்து காட்டும். உறையழிவில் அத்தகைய மிகுதி பெரும்பாலும் இராது. காலத்தாற் புலப்படும் வினையும் உண்டு. உறையழிவின் வளையம் சில வாரங்களில் வடிவு மாறும், ஒளி குன்றும், சுருங்கும். கிளையோமா அங்ஙனம் தானே சுருங்குவது வழக்கமன்று.

இரண்டாவது சார்பு, அஃதாவது, அது நிற்கும் இடமும் நிலையும். உறையழிவு வெண்பொருளைப் பற்றியது. சாம்பற்பொருளில் உறை குறைவு. ஆதலின் வெண்பொருளில் விளிம்பிட்டு ஒளிரும் வளையம், மூளையின் மேற்புறத்துச் சாம்பற்பொருளை நோக்கிய பக்கத்தில் ஒளியின்றித் திறந்து நிற்கும். பிறைபோன்ற இவ்வமைப்பைத் திறந்த வளையம் என்பர். கட்டியின் வளையமும் சீழ்க்கட்டியின் வளையமும் பெரும்பாலும் முழுவதும் மூடியிருக்கும். இத்திறந்த வளையம் உறையழிவுக்குச் சிறந்த அடையாளம் என்பதைச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ச்சியாளர் நிலைநாட்டினர். மற்றும், உறையழிவுப் புண்ணின் நடுவே சிறு இரத்தக் குழாயொன்று சிதையாமல் ஊடுருவிச் செல்வதைக் காணலாம். இந்நோய் சிறு குழாய்களைச் சுற்றியே தோன்றுதலின் இவ்வடையாளம் அமைகின்றது.

மூன்றாவது இனம், அஃதாவது, அதனோடு உடனிருப்பன யாவை என்பது. பெரிய வளையம் ஒன்றையே பார்த்து அஞ்சுவது நம் இயல்பு. தேர்ந்த வைத்தியரோ அதனை விட்டு மற்றை இடங்களையும் தேடுவர். நீரறைகளின் ஓரத்தில் ஆறிய சிறுபுள்ளிகள் உளவோ? பார்வை நரம்பு வீங்கியதோ? கழுத்துத் தண்டுவடத்தில் வடு உண்டோ? 2001-ஆம் ஆண்டு முதல் வழங்கிவருவனவும் பலமுறை திருத்தப்பட்டனவுமான மக்டோனால்டு விதிகள், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்று துணிதற்கு இடத்தாற் பரவியிருத்தலையும் காலத்தாற் பரவியிருத்தலையும் தூண்களாகக் கொண்டு எழுந்தன. முதுகுத்தண்டு நீரை ஊசியால் எடுத்து, ஒலிகோக்ளோனல் பட்டைகள் உளவோ என்று சோதிப்பதும், இரத்தத்தில் அக்வபோரின்-4, மோக் என்பவற்றிற்கு மாறான எதிர்ப்பொருள்கள் உளவோ என்று சோதிப்பதும் இனந்தேடும் வழிகளே. நோயாளி முன்பு பட்ட துன்பங்களும் இனமே. அதனைப் படம் சொல்லாது; வீட்டாரே சொல்ல வேண்டும்.

இவற்றுள் ஒன்றையே நம்பி முடிவு செய்தல் கூடாது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லூக்கினெட்டி என்னும் அம்மையாரும் உடனாராய்ந்தோரும், திசுச் சோதனையால் உறையழிவென்றே உறுதிப்பட்ட 168 பேரின் செய்திகளைத் தொகுத்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு 70 பேர்க்குப் படத்திற் பல புண்கள் இருந்தன. அஃது இனத்தால் அறியும் வழிக்குத் துணை. ஆனால் நூற்றுக்கு 45 பேர்க்குத் தள்ளுதலும் காணப்பட்டது. ஆகவே, தள்ளுகின்றது, ஆதலின் கட்டியே என்று ஒரு சொல்லிற் கூறிவிட இயலாது. மூன்று வழியையும் கூட்டிப் பார்த்தே துணிதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1949-ஆம் ஆண்டில் ஜேக்கப் சாண்டி என்பார் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டிற் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அத்தகைய துறையைத் தொடங்கினார். பிற்காலத்தில் வேலூரில் இதனை ஒத்த மயக்கமொன்று தீர்க்கப்பட்டது. சி.டி. ஸ்கேன் நம் நாட்டிற்கு வந்தபின், வலிப்புக் கண்டவர் பலருடைய படத்தில் சிறிய ஒற்றை வளையம் தென்பட்டது. அதனைக் காசநோய்த் திரளை என்று கருதிப் பலர்க்கும் மாதக்கணக்கிற் காசநோய் மருந்து கொடுத்தனர். வேலூரில் மாத்யூ சாண்டி, ராஜசேகர் முதலியோர் திசு எடுத்து ஆராய்ந்து, இத்தகைய வளையங்களுக்கு நாடாப்புழுவின் இளமுளை காரணமாதலைக் கண்டு, 1989-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியிட்டனர். பின்னர், வளையம் 20 மி.மீ. அளவிற்கு மேற்படாமை, நடுக்கோடு நகராமை, உறுப்புத் தளர்ச்சி நாளுக்கு நாள் மிகாமை முதலியவற்றை விதிகளாக வகுத்தனர். அவ்விதிகட்கு உட்பட்டார்க்கு வலிப்பை அடக்கும் மருந்து கொடுத்து, சில மாதங்கழித்து மீண்டும் படமெடுத்துப் பார்த்தால், பலர்க்கு வளையம் மறைந்திருந்தது. தலையோட்டைத் திறவாமலே பலர் நலம் பெற்றனர். புலால் உண்ணாதார்க்கும் இப்புழுவின் முட்டை தூய்மையற்ற நீராலும் கழுவாத காய்கீரையாலும் வரும் என்பதை நம் தாய்மார்கள் மனத்திற் கொள்க.

வேலூரார் காட்டிய நெறியே உறையழிவுக்கும் பொருந்தும். அளவு, தள்ளுதல், காலம் என்பவற்றை நிறுத்துப் பார்த்து, ஐயம் உள்ளவரையில் ஐயத்தை ஐயமாகவே வைத்திருந்து, குறித்த நாளில் மீண்டும் பார்ப்பதே அந்நெறி.

எல்லாச் சொல்லும் வினை முதலியவற்றால் தெளிந்துவிடுமோ எனின், தெளியா. 'மா வீழ்ந்தது' என்றால் மரமும் வீழும், குதிரையும் வீழும். இத்தகைய இடத்தில் சொல்லுவோன் தான் கருதியதை வெளிப்படக் கிளந்து சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. மூளைப் படத்திலும் அத்தகைய இடம் உண்டு. அங்கே நோயையே வாய்திறந்து பேசச் செய்தல் வேண்டும். தலையோட்டிற் சிறு துளையிட்டு, ஊசியால் அணுவளவு திசு எடுத்து, நுண்ணோக்கியில் ஆராய்வதே அது. வைத்தியர் இதனை வேண்டும் என்று துணிந்தால் நாம் அஞ்சி மறுத்தல் தகாது. அங்கும் மயக்கத்துக்கு இடமுண்டு. உறையழிவுப் புண்ணிலும் பெருத்த துணையணுக்கள் தோன்றி, கிளையோமாவைப் போலக் காட்டும். உறையழிவோ என்னும் ஐயம் உண்டென்பதை ஆய்வாளர்க்கு முன்னரே தெரிவித்தால், உறையைத் தின்ற அணுக்கள் உளவோ என்று அவர் தேடிப் பார்ப்பர். அறிந்து தேடுவார்க்கே அகப்படும் பொருள்கள் பல உள.

இனி, நம் குடும்பங்களுக்கு உரிய செய்திக்கு வருவோம். ஆற்றின் வடகரையில் ஓர் ஊர். நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம். அவ்வீட்டுப் பெண்ணுக்கு 26 வயது. திருமணம் நிச்சயமாகியிருந்தது. இடக்கை தளர்ந்ததென்று படமெடுத்தனர். 'கட்டியாயிருக்கலாம், உறையழிவாகவும் இருக்கலாம்' என்று குறிப்பில் எழுதியிருந்தது. முதற்பகுதி ஊர் முழுவதும் பரவிற்று. பிற்பகுதியை எவரும் படிக்கவில்லை. மூன்று நாளில் மணப்பேச்சு முறிந்தது. தந்தையார் வயலை விற்க ஆள் தேடினார். உறவினர் ஒருவர் எங்கோ வாங்கிய மாத்திரைகளைக் கொண்டுவந்து, வீக்கம் வடியும் என்று கூறிக் கொடுக்க முற்பட்டார். அறுவைக்கு நாள் குறிப்பதைப் பற்றிய பேச்சும் நடந்தது.

அவ்வமயத்தில் வைத்தியர் ஒருவர் பெண்ணின் தாயாரைத் தனியே இருத்தி, 'இதற்கு முன் இப்பெண்ணுக்குக் கண்ணிலேனும் காலிலேனும் ஏதேனும் வந்து போயிற்றா?' என்று மும்முறை வினவினார். இருமுறை இல்லை என்ற அம்மையார் மூன்றாம் முறை அழுதுவிட்டார். சென்ற ஆண்டில் அப்பெண்ணுக்கு ஒரு கண் இரண்டு வாரம் மங்கியிருந்ததாம். பெண்பார்க்க வருவார்க்குத் தெரிந்துவிடும் என்று எவரிடமும் சொல்லாது வைத்திருந்தனராம். தானே தெளிந்துவிட்டதால் அச்செய்தி வீட்டினுள்ளேயே புதைந்துவிட்டது. அவ்வொரு சொல் கிடைத்தவுடன் வைத்தியரின் எண்ணம் வேறு திசையிற் சென்றது. தண்டுவடத்தைப் படமெடுத்தனர், ஆறிய வடு ஒன்று தென்பட்டது. முதுகுத்தண்டு நீரில் பட்டைகள் காணப்பட்டன. மூளையின் வளையமும் சாம்பற்பொருளை நோக்கித் திறந்திருந்தது. வைத்தியர் தம் மேற்பார்வையில் ஸ்டீராய்டு மருந்தைக் குழாய்வழியே 5 நாள் செலுத்தினர். ஆறு வாரங்கழித்து எடுத்த படத்தில் வளையம் சுருங்கியிருந்தது. கையும் பெரிதும் தேறிற்று. இன்று அப்பெண் மருந்துண்டு தன் வேலைக்குச் சென்று வருகின்றார்.

அன்பர்களே! அவ்வீட்டில் நோயினும் கொடியதாயிருந்தது மறைப்பு. இனத்தால் தெளிய வேண்டிய பொருளை, இனத்தை மறைத்து வைத்தால் யார் தெளிய வல்லார்? மறைத்தவரை மட்டும் யாம் குறைகூறோம். மறைக்குமாறு செய்தது யார்? ஒரு கண் இரண்டு வாரம் மங்கியது என்று கேட்டவுடன் சம்பந்தம் வேண்டாம் என்று கூறும் நாமே அன்றோ? இந்நோய் தொற்றுநோயன்று. தாயிடமிருந்து மகளுக்கு நேரே வழிவழி வரும் குலநோயுமன்று. உறவினர்க்கு வரும் வாய்ப்புச் சிறிது மிகும் என்பதே உண்மை. இந்நோயுடைய மகளிர் வைத்தியர் அறிவுரையோடு மணந்து மக்களைப் பெற்று வாழ்கின்றனர். இவற்றை அறியாத ஊர்வாய்க்கு அஞ்சி, தாயொருத்தி தன் மகளை வீண் அறுவைக்கு அனுப்பும் நிலை நம் சமூகத்தில் இருத்தல் தகுமோ?

இதனைக் கேட்டு, கட்டி என்று சொன்னால் நம்ப வேண்டாம் போலும் என்று எவரும் கருதிவிடலாகாது. அது முன்னதினும் பெரிய தீங்கு. படத்திற் கட்டி என்று கருதப்படுவன பல கட்டியே ஆகின்றன. காலந்தாழ்த்தலும், நாட்டு மருந்தால் கரைத்துவிடலாம் என்று திரிதலும் உயிர்க்கு இறுதியாகும். காத்திருத்தல் என்பது வைத்தியர் நாள் குறித்துக் காத்திருத்தலேயன்றி, நாமே வீட்டில் இருந்துவிடுதலன்று.

நாம் கைக்கொள்ள வேண்டுவன சிலவற்றைத் தொகுத்துக் கூறி முடிப்போம்.

ஒன்று: படத்தோடு வரும் குறிப்பைத் தீர்ப்பாகக் கொள்ளற்க. அதில் ஐயமாகச் சொல்லியது எது, துணிந்து சொல்லியது எது என்று வைத்தியரையே வினவுக. அதனை ஊரார்க்குக் காட்டற்க.

இரண்டு: பழைய படங்களைப் பேணுக. முன்னைப் படத்தோடு ஒப்பிடாமற் காலத்தால் வரும் மாற்றம் புலப்படாது. கருவியினின்று எடுத்த படங்கள் அடங்கிய வட்டினையும் கேட்டு வாங்குக. நிலப்பத்திரத்தைப் பேணுவதுபோல் இதனையும் பேணுக.

மூன்று: கண் மங்கல், மரத்தல், தள்ளாட்டம், சிறுநீர்த் தடை முதலியன எப்பொழுது வந்து எப்பொழுது போயின என்று ஆண்டு மாதத்தோடு எழுதி வைத்தியரிடம் கொடுக்க. வீட்டில் காசநோய் கண்டவர் இருந்தால் அதனையும் ஒளியாது சொல்க.

நான்கு: வைத்தியர் சொல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடற்க. லிம்போமா என்னும் ஒருவகை மூளைக் கட்டி அம்மருந்தால் சில நாட்களுக்குக் கரைந்ததுபோற் சுருங்கும். பின்னர் மீண்டும் எழும். இடையில் திசு எடுத்தாலும் உண்மை புலப்படாது. சுருங்கிற்று, ஆதலின் கட்டியன்று என்பது எப்பொழுதும் உண்மையாகாது. ஆதலாலேயே திசு எடுக்கவேண்டிய ஐயம் உள்ளவிடத்து, உயிருக்கு உடனே இடர் இல்லையாயின், வைத்தியர் அம்மருந்தை நிறுத்திவைக்கின்றனர்.

ஐந்து: நிலத்தை விற்குமுன், 1965-ஆம் ஆண்டு முதல் நம் பக்கத்திலேயே நடந்துவரும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நம் குடும்பத்துக்கு இடமுண்டோ என்று விசாரிக்க. ஐயம் தீராவிடின் நரம்பியலில் வல்ல பேரிடங்களில் இரண்டாம் கருத்துக் கேட்பது முதல் வைத்தியரை இகழ்தலாகாது.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். கல்வி நிதியிலிருந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கின்றோம், நன்று. நோயுற்ற உறுப்பினர் ஒருவர் படத்தோடு வந்தால், அவரை உரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, வைத்தியர் சொல்வதை நிதானமாகக் கேட்டு எடுத்துரைக்க, படித்த இளைஞர் இருவரை ஒவ்வோர் ஊரிலும் அமைத்தால் அதுவும் கல்விப் பணியே. மணப்பொருத்தம் பேசும் பெரியோர்களும், தேறிய நோயைக் குற்றமாக எண்ணாத வழக்கத்தைத் தங்கள் இல்லங்களிலிருந்தே தொடங்குவார்களாக.

திருவள்ளுவர் மருந்து என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பேணுவோன் ஆகிய நால்வகையையும் மருத்துவத்தின் கூறுகளாக அதில் எண்ணினார். உடனிருந்து பேணுவோர் நாம். படத்தைப் படிப்பது நம் தொழிலன்று. படத்தில் இல்லாததை உள்ளவாறு எடுத்துச் சொல்வதே நம் தொழில். அதனை அச்சமின்றிச் சொல்லக்கூடிய இல்லங்களாக நம் இல்லங்கள் அமைக என்று வேண்டி அமைகின்றோம்.